ஸ்ரனிஸ்லாஸ் காட்டில் நடந்த ஐந்து ஞாயிறுகள்

லா சப்பல் மெட்ரோவில் இறங்கி இரண்டு நகைக்கடைகளையும் ஒரு சேலைக்கடையையும் தாண்டினால் என் கடை. போட்டோக் கொப்பி, பாஸ்போர்ட் படம், படிவம் நிரப்புதல் என்று கண்ணாடியில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஆலோசனை. அதை யாரும் கேட்காமலே கொடுப்பேன். பிரஞ்சுக் குடியுரிமை எடுத்துப் பதினெட்டு வருஷமாகிறது என்பதால் இந்த மடுத்தீனுக்கு எல்லாம் தெரியும் என்று சனம் நம்பியது. கொஞ்சக் காலத்தில் நானும் நம்பிவிட்டேன்.

ஸ்ரனிஸ்லாஸ் மன்னார் பேசாலைக்காரர். வயது நாற்பத்தொன்பது. லோறன்ஸின் மரக்கறிக் கடையில் இருபத்தாறு வருஷமாக மூட்டை இறக்குகிறார். மூட்டையைத் தவிர வேறெதையும் அவர் சத்தமாக இறக்கிவைத்து நான் பார்த்ததில்லை. கதவு திறந்திருந்தாலும் தட்டிவிட்டுத்தான் வருவார். மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் யாராவது வரக்கூடும் என்று நின்றுகொண்டே போவார். இப்படிப்பட்ட மனுசரை நல்லவர் என்று சொல்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவருடைய மனைவி பேர்ளி பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறார். அவருக்குக் குடியுரிமை முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. மகள் ஆரெலி பிறந்ததே இங்கேதான், அவளுக்கும் இருக்கிறது. வீட்டில் இவர் ஒருவர்தான் வெளிநாட்டுக்காரர். லண்டன் கலியாணம் ஒன்றுக்குப் போய்த் திரும்பியபோது, விமான நிலையத்தில் தாயும் மகளும் ஒரு வரிசையில் ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள். இவர் மற்ற வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார்.

"சொந்தப் பிள்ளை கண்ணாடிக்கு அங்காலை நிண்டு கை காட்டுறாள் அண்ணை," என்றார் என் கடையில் வந்து. "ஆசுப்பத்திரியிலை நோயாளியைப் பார்க்க வந்த ஆக்கள் காட்டுற மாதிரி. எனக்கு அதுக்காகத்தான் வேணும். வேறை ஒண்டுக்கும் இல்லை."

ஏற்கெனவே ஒரு முறை அவர் குடியுரிமை நேர்முகத்துக்குப் போய் வந்திருந்தார். உமக்குப் பிரஞ்சு நண்பர்கள் யாராவது உண்டா, ஒருவருடைய பெயர் சொல்லும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "லோறன்ஸ்," என்று சொல்லியிருக்கிறார். முழுப்பெயர் கேட்டபோது லோறன்ஸ் அருளானந்தம் என்றும் சொல்லியிருக்கிறார். சமூகத்தோடு போதிய ஒட்டுறவு இல்லை, இரண்டு வருஷம் கழித்து வாரும் என்று கடிதம் வந்தது. லோறன்ஸிடம் பிரஞ்சுப் பாஸ்போர்ட் இருப்பது உண்மைதான். அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு லோறன்ஸ் லா சப்பலை விட்டு வெளியே போனதில்லை என்பதும் உண்மை.

இரண்டு வருஷம் முடிந்ததும் என் ஆலோசனை இயந்திரம் ஓடத் தொடங்கியது. "நீர் ஒரு வெள்ளைக்காரச் சங்கத்திலை சேரும்," என்றேன். "அஞ்சு தரம் போம். பிறகு தலைவரிட்டை, இந்த மனுசன் எங்களோடை பழகினவர் எண்டு ஒரு கடிதம் வாங்கும். முத்திரை இருக்க வேணும், கையெழுத்து இருக்க வேணும், திகதி இருக்க வேணும். அவ்வளவுதான்."

"என்ன சங்கம் அண்ணை?"

"நடக்கிற சங்கம். பாட்டுச் சங்கத்திலை பாட வேணும். நாடகச் சங்கத்திலை கதைக்க வேணும். நடக்கிறதுக்குக் காலிருந்தால் போதும்."

எபினே-சூர்-செய்னில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நடைச் சங்கம் இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு மொன்மொறன்சிக் காட்டில் நடப்பார்கள். பதினான்கு பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பிரஞ்சுக்காரர் நடப்பதற்காகவே ஓய்வு பெறுகிறார்கள். எங்கள் சனம் ஓய்வு பெறுவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே நடப்பதை நிறுத்திவிடும். சங்கத் தலைவி ஜெனவியேவ், எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர்.

முதல் ஞாயிறு ஸ்ரனிஸ்லாஸ் காட்டுக்குப் போன கோலத்தைப் பேர்ளி படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பூசைக்குப் போடும் கோட்டு, மினுக்கிய சப்பாத்து, கையில் நாற்பது மட்டன் ரோல். ஒரு கூட்டத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா. அங்கே மற்றவர்கள் ஆளுக்கொரு பாண், ஆளுக்கொரு அப்பிள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் என்று வந்திருக்கிறார்கள். இவர் மூடியைத் திறந்து நீட்டியதும், விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருவர் பணப்பையை எடுத்தாராம். சும்மா தருகிறார் என்று தெரிந்ததும் நாற்பதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது ஞாயிறு அப்பிள் கொண்டுவந்தவர்கள் அரைவாசிப் பேர். மூன்றாவது ஞாயிறு ஒருவரும் கொண்டுவரவில்லை.

காட்டு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பாதை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் பொது. நடப்பவருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும், குதிரைக்கு இரண்டு பேரும் வழிவிட வேண்டும். ஜெனவியேவ் அதை அவருக்கு நிறுத்தி நிதானமாக விளக்கியிருக்கிறார். ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டிக் கேட்டுவிட்டு, குதிரைக்கு ஒதுங்கினார், சைக்கிளுக்கு ஒதுங்கினார், ஓடுகிறவருக்கு ஒதுங்கினார், ஒரு கிழவியின் நாய்க்குட்டிக்கும் ஒதுங்கினார். சைக்கிள்காரர்கள் சட்டப்படி நின்று, நீங்கள் போங்கள் என்பார்கள். இவர் சேற்றுக்குள் நின்று, இல்லை நீங்கள் போங்கள் என்பார். இரண்டு பக்கமும் மரியாதை முற்றி, பாதை அடைபட்டுப்போகும்.

குதிரைக் கதை இன்னும் மோசம். தொப்பியும் கடும்நீலச் சட்டையும் போட்ட ஒரு பெண் குதிரையில் எதிரே வந்திருக்கிறாள். பொழுதுபோக்குக்குச் சவாரி செய்கிற பெண். ஸ்ரனிஸ்லாஸுக்கு அந்த நீலமும் தொப்பியும்தான் கண்ணில் பட்டன. பொலிஸ் என்று நினைத்து அப்படியே நின்று, கோட்டின் உள்பையிலிருந்து வதிவிடக் கார்டை எடுத்து மேலே நீட்டியிருக்கிறார். பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குதிரைதான் கார்டை மோந்து பார்த்தது. கூட வந்தவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்களாம். ஜெனவியேவ் சிரிக்கவில்லை.

"அந்தத் தலைவி மனிசி கொஞ்ச நேரம் என்னோடை பக்கத்திலை நடந்தவ," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "இப்பிடி அடிக்கடி நிப்பாட்டுறவையோ எண்டு கேட்டவ. நான் இல்லை மடம், எப்பவும் நல்ல மாதிரித்தான் எண்டனான்."

"நல்ல வேளை," என்றேன். "குறை ஒண்டும் சொல்லிப்போடாதையும். கடிதம் வாங்கும் வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிரும்."

ஐந்தாவது ஞாயிறு என்னையும் வரச்சொன்னார். கடிதத்தைக் கேட்கத் தனக்குக் கூச்சம், நான் கேட்க வேண்டும். நேர்முகத்துக்குச் சரியாக நான்கு கிழமைகள் இருந்தன. ஒக்டோபர் மாதம். கார் து நோர் நிலையத்தில் ரயில் பிடித்துப் போனேன். காடு அழகுதான், மறுக்கவில்லை. செஸ்நட் மரமெல்லாம் மஞ்சளாகி, காய்கள் முள்ளோடு பாதை முழுக்கக் கொட்டிக் கிடந்தன. பள்ளத்தில் ஒரு சின்னக் குளம், அதில் வானம் தெரிந்தது. ஆனால் பதினாறு கிலோமீற்றர் நடந்து பார்க்க வேண்டிய அழகு என்று ஒன்று இருப்பதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது கிலோமீற்றரில் என் குதிக்கால் தோலுரிந்தது. ஸ்ரனிஸ்லாஸ் ரோல் பையையும் தூக்கிக்கொண்டு, யாரோ ஒரு கிழவரின் முதுகுப்பையையும் தூக்கிக்கொண்டு, கடைசி ஆளாகச் சிரித்தபடி வந்தார்.

இறக்கத்தில் பாதை ஒடுங்கிய இடத்தில் எதிரே குதிரை ஒன்று வந்தது. எல்லோரும் ஒதுங்கினோம். ஸ்ரனிஸ்லாஸ் வலப்பக்கம் ஒதுங்கினார். அதே நேரம் பின்னால் இறக்கத்தில் வேகமாக வந்த சைக்கிள்காரர் குதிரையைக் கண்டு, அதற்கு வழிவிடுவதற்காக அதே வலப்பக்கம் திருப்பினார். ஈர இலையில் சக்கரம் வழுக்கியது. ஸ்ரனிஸ்லாஸின் கணுக்காலில் சைக்கிளும், சைக்கிளின் மேல் அந்த மனுசனும். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை. குதிரை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தன் பாட்டில் போனது.

கீழே கிடந்த ஸ்ரனிஸ்லாஸ் சொன்ன முதல் வார்த்தை "பார்தோன்". மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தச் சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றி, நெளிந்திருக்கிறதா என்று பார்த்தார். சைக்கிள்காரருக்கு நாற்பது வயதிருக்கும். முகம் வெளிறி நின்றார். பிழை என்னுடையது, வேகமாக வந்துவிட்டேன், தீயணைப்புப் படையைக் கூப்பிடுகிறேன், காப்புறுதிக்கு எழுதித் தருகிறேன் என்றார். இங்கே காயம்பட்டவரைத் தூக்க வருவதும் தீயணைப்புப் படைதான். ஸ்ரனிஸ்லாஸ் அவருடைய முதுகைத் தடவி, "சா வா, சா வா," என்று பிரஞ்சில் பரவாயில்லை சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன். லா சப்பலில் ஒரு வேதம் உண்டு. டோசியே என்கிற விண்ணப்பக் கோப்புக்குள் பொலிஸ் கடதாசி வரக்கூடாது. அடித்தவனாக இருந்தாலும் அடிவாங்கினவனாக இருந்தாலும் கடதாசி கடதாசிதான், பெயர் ஒரு முறை ஏறினால் குடியுரிமை போச்சு. இதை முதலில் சொன்னவர் யார் என்று தெரியாது. பத்து வருஷமாக அதிகம் சொன்னவன் நான். எங்கேயும் வாசித்துச் சொன்னதில்லை.

"ஸ்ரனிஸ்லாஸ், எழும்பி நில்லும்," என்றேன் காதுக்குள். "தீயணைப்பு வந்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் எழுதுவான்."

அவர் எழும்பினார். முகம் சுண்ணாம்பாய்ப் போயிருந்தது. நான் பிரஞ்சில் எல்லோருக்கும் அறிவித்தேன்: இது சுளுக்கு, எங்கள் சனத்துக்கு இதெல்லாம் பழக்கம். ஜெனவியேவ் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. தன் நடைத்தடி இரண்டையும் ஸ்ரனிஸ்லாஸிடம் கொடுத்தார். நான்கு கிலோமீற்றர், ரயில் நிலையம் வரைக்கும், முறிந்த எலும்போடு அந்த மனுசன் நடந்தார். நான் பக்கத்தில் நடந்து, "கொஞ்சத் தூரந்தான்," என்று தைரியம் சொன்னேன். என் குதிக்கால் எரிந்ததால் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன். "பாத்ரூமிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லும். பாத்ரூமுக்குச் சாட்சி இல்லை. நேர்முகத்திலை கேட்டாலும் அதையே சொல்லும். ரெண்டு இடத்திலையும் ஒரே கதை இருக்க வேணும்."

"மகளிட்டைக் கடிதங்களை ஒருக்கா காட்டட்டோ அண்ணை? அவள் வாசிப்பாள்."

"பிள்ளையளை டோசியேக்குள்ளை விடாதையும். அதுகள் எல்லாத்தையும் உண்மையெண்டு எழுதிக் குடுக்குங்கள்."

ரயில் நிலையத்தில் நான் கேட்டுவைத்தபடி, பத்து நாள் கழித்து ஜெனவியேவ் கடிதத்தை உறையில் போட்டு, கூடவே ஒரு போத்தல் செஸ்நட் ஜாமோடு ஸ்ரனிஸ்லாஸ் வீட்டில் கொடுத்திருக்கிறார். உறையை ஸ்ரனிஸ்லாஸ் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு பக்கம், கையால் எழுதியது, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. மேலே ஐந்து நடைகளின் திகதிகள். கீழே முத்திரை, கையெழுத்து. நான் முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், திகதியைப் பார்த்தேன். மூன்று கொப்பி எடுத்து, டோசியேக்குள் வைத்து, "பூரணம்," என்றேன். என் கடைக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களை நான் இப்படித்தான் பார்த்திருக்கிறேன். நடுவில் இருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

ஒருவர் வாசித்திருக்கிறார். நேர்முகம் செய்த அதிகாரி, இளம் பெண்ணாம், நல்ல முகமாம். நேர்முகம் முடிந்த அன்றே ஸ்ரனிஸ்லாஸ் ஊன்றுகோலோடு நேரே என் கடைக்கு வந்தார். நான் அவரை இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

"எல்லாத்துக்கும் சரியாச் சொன்னனான் அண்ணை. பிறகு அவ சிரிச்சுக்கொண்டு, காலுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டவ. பாத்ரூம் எண்டனான். சிரிப்பு நிண்டிட்டுது. காட்டிலை ஒண்டும் நடக்கேல்லையோ எண்டு திருப்பிக் கேட்டவ. ஒண்டும் நடக்கேல்லை மடம் எண்டனான். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, சைக்கிள் ஒண்டும் வரேல்லையோ எண்டு மூண்டாந்தரமும் கேட்டவ."

"அட, துருவியிருக்கிறாள். நீர்?"

"இல்லை மடம், பாத்ரூம் எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

நான் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். கடையில் நின்ற இரண்டு பேருக்கும் அவரைக் காட்டி, அதிகாரி மூன்று தரம் பொறி வைத்தும் மாட்டாத மனுசன் இவர்தான் என்று சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். அந்தக் கிழமை முழுக்க அந்தக் கதையைச் சொல்லி என் ஆலோசனையின் பெருமையை வளர்த்தேன்.

மாசி மாதம் கடிதம் வந்தது. விண்ணப்பதாரி நேர்முகத்தில் சொன்னவை, அவரே சமர்ப்பித்த ஆவணத்தோடு முரண்படுகின்றன. இரண்டு வருஷம் ஒத்திவைக்கப்படுகிறது. ஸ்ரனிஸ்லாஸ் என் கடைக் கதிரையில் இருந்து, கடிதத்தை மடித்தும் விரித்தும் வைத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் போய்விட்டது, நடை மட்டும் கொஞ்சம் சாய்வு.

"என்ன முரண்?" என்று நான் கத்தினேன். "டோசியே செய்தது நான். என்ரை டோசியேயிலை முரண் கண்டுபிடிக்கிறாங்களோ?" கோபத்தோடு கொப்பிகளை இழுத்தெடுத்தேன். ஜெனவியேவின் கடிதம் கையில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தரம், அப்படிப்பட்ட ஒரு கடிதத்தின் நடுப்பகுதியை வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க எனக்கு வியர்த்தது. ஸ்ரனிஸ்லாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவங்கள் துவேஷம் பிடிச்ச ஆக்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கடிதத்தை மூடிவிடலாம். லா சப்பலில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதைச் சொல்ல வாயும் எடுத்தேன்.

"மனிசி என்ன எழுதினவ அண்ணை?" என்று அவர் கேட்டார்.

வாசித்துக் காட்டினேன், தமிழில். ஜெனவியேவ் எழுதியிருந்தது இதுதான்: "ஐந்தாவது நடையின்போது, ஸ்ரனிஸ்லாஸ் அவர்கள் குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். வேகமாக வந்த சைக்கிள் ஒன்று அவருடைய காலை முறித்தது. தரையில் கிடந்தபடி, தன்னை இடித்தவரைத் தேற்றினார். முறைப்பாடு செய்யவில்லை. ஒரு பாதையைப் பலர் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று நான் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். செய்து காட்டியவர் இவர். இவரைச் சக குடிமகன் என்று சொல்ல உங்கள் முடிவு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அடக்கம் காரணமாக அவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். தயவுசெய்து நீங்களே அவரிடம் கேளுங்கள்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த அதிகாரி பொறி வைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்து மூன்று தரம் உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தரமும் அவர் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என்னை ஏசினால் நல்லது என்றிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரமாவது அந்த மனுசன் யாரையாவது ஏசட்டும், அது நானாக இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் ஏசவில்லை. குடியுரிமையைப் பற்றியும் கேட்கவில்லை. கையிலிருந்த கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்த ஒபீஸிலை, மனிசி பொய் எழுதிக் குடுத்தவ எண்டெல்லோ நினைச்சிருப்பினம்."

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"எனக்காக இருந்து ரெண்டு பக்கம் எழுதின மனிசியை நான் பொய்க்காரி ஆக்கிப்போட்டன் அண்ணை. மூண்டு தரம் கேட்டும்."

எழும்பிக் கோட்டைப் போட்டார். எங்கே போகிறீர் என்று கேட்டேன்.

"அவவின்ரை வீட்டை. நீங்களும் வாங்கோ. இதைச் சொல்லுற அளவுக்கு எனக்குப் பிரஞ்சு காணாது. நான் சொல்லுறதை நீங்கள் சொல்லுங்கோ. பாத்ரூம் ஆர் சொல்லித் தந்தது எண்டதையும் சொல்லுங்கோ."

அது கேள்வியாக இருக்கவில்லை. கடையில் இரண்டு பேர் படிவத்தோடு நின்றார்கள். அவர்களை நாளைக்கு வரச்சொல்லி ஷட்டரை இறக்கினேன். எபினே ரயிலில் ஸ்ரனிஸ்லாஸ் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவருக்கு முன்னால் இருந்து, சொல்ல வேண்டியதைப் பிரஞ்சில் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். பதினெட்டு வருஷப் பிரஞ்சுக்காரன் நான். எபினே வந்து இறங்கும்வரை முதல் வசனம் எனக்கு வரவில்லை.